பொரளையில் இறங்குவதா? ஒரு பஸ் பயணத் திட்டமும் கொழும்பின் கதையும்

திட்டம் என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினாலு பேர், ஆறு கமரா, மிச்சப் பேருக்கு ஃபோன். காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறி கோட்டையில் இறங்குவது. புறக்கோட்டையிலிருந்து செட்டியார் தெரு, கொச்சிக்கடை வழியாக கொட்டாஞ்சேனைக்கு நடப்பது. அங்கேயிருந்து 155இல் மருதானை, பிறகு 103இல் பொரளை, கடைசியாக 154 பிடித்து திரும்ப வெள்ளவத்தை. வழியில் பழைய கட்டடங்களையும் தெருப்பெயர்களையும் பஸ் பலகைகளையும் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் தமிழில் குறிப்பு எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று பொதுவில் வைப்பது. சம்பளமில்லை, சாப்பாடு அவரவர் காசில்.

இதற்கு ஒரு கூட்டம் போதும் என்று நினைத்தோம். மூன்று கூட்டம் வைத்தோம். அதில் இரண்டு கூட்டம் பொரளை பற்றியே போய்விட்டது.

வான் பிடிக்காமல் பஸ்ஸிலும் ரயிலிலும் போவதென்று முதலிலேயே முடிவெடுத்தோம். காசு ஒரு காரணம். மற்றக் காரணம், எங்களில் பலருக்கு கொழும்பு என்றாலே அது பஸ் இலக்கங்கள்தான். 100 என்றால் காலி வீதி, 138 என்றால் ஹைலெவல் வீதி, 155 என்றால் "எங்கட ஆக்களின்ட பஸ்". வானில் போனால் இடங்களுக்கு இடையில் இருப்பது தெரியாது. அந்த 'இடையில்' என்ன இருக்கிறது என்று தேடத் தொடங்கியபோதுதான் இந்தக் கட்டுரை வந்தது.

ரயிலில் இருபது நிமிடம்

வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற ரயிலில் இடதுபக்கம் கடல். எல்லோரும் அந்தப் பக்கம்தான் படமெடுப்பார்கள். எங்களுக்கு வலதுபக்கமும் வேணும் என்று எழுதி வைத்திருக்கிறோம். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் தண்டவாளம் கடலைவிட்டு உள்ளே திரும்பி பேரை வாவிப் பக்கமாகப் போகும். அடுத்தது கொம்பனித்தெரு ஸ்டேஷன். விக்டோரியா காலத்துப் பாணியில் கட்டிய சின்ன ஸ்டேஷன். அங்கேயிருந்து நடக்கிற தூரத்தில்தான் 1965இல் திறக்கப்பட்டு 1983 ஜூலையில் எரிக்கப்பட்ட ரியோ தியேட்டர் இருந்த இடம். ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் சொந்தமான தியேட்டர் அது. பல வருடங்களுக்குப் பிறகு அந்த எரிந்த கட்டடத்துக்குள்ளேயே கலைஞர்கள் கண்காட்சி வைத்தார்கள்.

இலங்கையில் முதல் ரயில் ஓடியது 1864இல், கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை. 1867இல் கண்டிக்குப் போனது. ஆட்களை ஏற்றுவதற்காக அது போடப்படவில்லை, மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். அந்தக் கோப்பியைப் பறித்தவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைப் பக்கமாகக் காட்டுவழியே நடந்து போனவர்கள். எங்கள் குழுவில் ஹட்டனைச் சேர்ந்த தோழி ஒருத்தி இதைக் கூட்டத்தில் சொன்னாள்: "கோட்டை ஸ்டேஷன படமெடுக்கிறப்போ, கட்டின வருஷத்தோட நிறுத்தாதீங்க. எதுக்குக் கட்டினாங்க என்றதையும் எழுதுங்க." இன்றிருக்கிற கோட்டை ஸ்டேஷன் 1917இல் கட்டியது. குறிப்பில் இரண்டும் இருக்கும்.

கோட்டைக்கு முந்தியது செயலகத் தரிப்பிடம். அதிலே இறங்கினால் காலிமுகத்திடல் பக்கத்தில். 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அங்கே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் அடித்து விரட்டினார்கள். அதே திடலில் 2022இல் அரகலய. அந்த வருடம் மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களையும் அங்கே நினைவுகூர்ந்தார்கள். ஜூலை 9 அன்று வெளியூர்களில் மக்கள் ரயிலை ஓடவைத்து கொழும்புக்கு வந்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களில் சிலர் அன்று கோட்டை ஸ்டேஷனில் நின்றவர்கள். அவர்களுடைய ஃபோனில் படங்கள் இருக்கின்றன, ஆனால் ஒன்றிலும் திகதி தவிர வேறு குறிப்பு இல்லை. இரண்டு மூன்று வருடத்திலேயே "இது எந்தப் பக்கம் நின்று எடுத்தது?" என்று கேட்கவேண்டி வந்துவிட்டது. ஒரு கமராவுக்கு ஒரு கொப்பி என்ற விதி அப்படித்தான் வந்தது.

புறக்கோட்டை: இரண்டு ஏப்ரல் 21

ஞாயிற்றுக்கிழமை என்று முடிவெடுத்ததற்குக் காரணம் புறக்கோட்டை. மற்ற நாட்களில் நாட்டாமிமாரின் தள்ளுவண்டிக்கு வழிவிட்டு விட்டு நடக்கவே நேரம் சரி. படமெடுக்கவென்று நின்றால் அவர்களுடைய வேலைக்கு இடைஞ்சல். ஞாயிறென்றால் கடைகள் பாதி பூட்டியிருக்கும், மேல்மாடி முகப்புகள் தெரியும். 1909 அளவில் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல் அங்கேதான். அதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அதனால் அதற்குப் பக்கத்துத் தெருக்களின் பெயர்ப்பலகைகளுக்கு இரண்டு பேரைப் போட்டிருக்கிறோம்.

பழைய காலத்தில் இந்தத் தெருக்களைப் படமெடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய ஸ்ரூடியோக்காரர்கள். 1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பனி போன்றவை கப்பலில் வந்திறங்குகிறவர்களுக்கு விற்கத் தபாலட்டைகள் அடித்தன. அந்த அட்டைகளில் புறக்கோட்டை இருக்கும், மாட்டுவண்டி இருக்கும், ட்ராம் இருக்கும், ஆட்கள் இருப்பார்கள். கீழே ஆங்கிலத்தில் தெருவின் பெயர் இருக்கும். ஆட்களுக்குப் பெயர் இருக்காது. நாங்கள் எடுக்கிற படத்தில் யாராவது முகம் தெரிய நின்றால், கேட்டுவிட்டுத்தான் எடுப்பது, விருப்பமென்றால் பெயரும் எழுதுவது, வேண்டாமென்றால் விடுவது என்று வைத்திருக்கிறோம். சும்மா நல்ல பழக்கம் என்பதற்காக மட்டும் இல்லை, அந்த அட்டைகளைப் பார்த்த எரிச்சலும் அதில் இருக்கிறது.

புறக்கோட்டையில் மத்திய பஸ் நிலையம் இருக்கிறது. 1987 ஏப்ரல் 21 அன்று மாலை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற நேரத்தில் அங்கே கார்க் குண்டு வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கான பொறுப்பு விடுதலைப் புலிகள்மீது சுமத்தப்பட்டது. முதல் வரைவில் இந்த இடம் எங்கள் திட்டத்தில் இல்லை. யாரும் வேணுமென்று விடவில்லை; எங்களுக்கு அது வெறும் பஸ் ஏறுகிற இடம். எங்கள் குழுவில் இருக்கிற சிங்கள நண்பன் ஒருவன்தான் மெதுவாகக் கேட்டான்: "83 லிஸ்ட்ல இருக்கு. 87 ஏன் இல்ல?" கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு சேர்த்தோம். பஸ்ஸுக்குக் காத்துநின்ற ஆட்கள் என்ற அளவில், அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

அங்கேயிருந்து நடந்தால் செட்டியார் தெரு. நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும். பிறகு கொச்சிக்கடை. பொன்னம்பல முதலியார் 1857இல் கட்டிய பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலை அவருடைய மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் 1912 வரையான வருடங்களில் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். அதற்குக் கிட்டத்தில் அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமைகளில் சைவர்கள், பௌத்தர்கள் என்று எல்லோரும் போய் மெழுகுதிரி கொளுத்துகிற இடம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு, அங்கே என்ன நடந்தது என்று எழுதத் தேவையில்லை. எங்களில் எல்லோருக்கும் அது நினைவிருக்கிற வயது. நாங்கள் போகிற நாளும் ஞாயிறு. ஆகவே பூசை நேரத்தில் கமரா வெளியே எடுப்பதில்லை. உள்ளே போகிறவர்கள் கும்பிடத்தான் போவது.

155இல் என்ன பார்க்கலாம்

கொட்டாஞ்சேனையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறோம். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடத்தை எல்லோரும் எடுப்பார்கள். அதே கொட்டாஞ்சேனையில் தீபதுத்தாராம விகாரை இருக்கிறது. 1883 ஈஸ்டர் ஞாயிறன்று பௌத்த ஊர்வலம் ஒன்றைக் கத்தோலிக்கர்கள் தாக்கியதில் பெரிய கலவரம் வந்தது. அதற்கு நியாயம் கேட்டு ஒல்கொட் லண்டன்வரை போனார். 1885இல் வெசாக் பொது விடுமுறையானதும் அந்த முயற்சியோடு சேர்ந்ததுதான். கொழும்பில் கலவரம் என்றால் எங்களுக்குத் தமிழர்–சிங்களவர் மட்டும் ஞாபகம் வரும். இந்தத் தெரு அதற்கு முந்திய ஒன்றையும் வைத்திருக்கிறது.

பிறகு 155. மட்டக்குளியிலிருந்து கொட்டாஞ்சேனை, மருதானை, நகரமண்டபம், பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று தெற்கே போகிற பஸ். கொழும்பில் தமிழ் ஆட்கள் கூட இருக்கிற இரண்டு அந்தங்களையும் ஒன்றாகத் தைக்கிறது. கலியாணவீட்டுக்குப் போகிற அன்ரிமாரும், ட்யூஷன் பிள்ளைகளும், கம்பஸ் பிள்ளைகளும் அதில்தான். பஸ்ஸுக்குள்ளே சத்தமாகத் தமிழில் கதைக்கலாம் என்ற துணிவு எங்களுக்கு முதலில் வந்தது 155இல்தான் என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான். சிரித்தோம், ஆனால் உண்மை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் தமிழர்கள் பொலிஸில் பதிந்து, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். கமரா கொண்டு திரிவது வேண்டாத வேலை. அதனால் அந்த வருடங்களில் எங்கள் வீடுகளில் எடுத்த படங்கள் எல்லாம் பிறந்தநாள் கேக்கும் சாமத்தியவீடும்தான். தெருப் படம் ஒன்றுகூட இல்லை. 2007 ஜூன் 7 விடியப்புறம், வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. 155 இணைக்கிற அதே இடங்கள்தான்.

இலக்கத்தகட்டில் ஓர் எழுத்து

ஒவ்வொருவருக்கும் ஒரு 'தேடல்' கொடுத்திருக்கிறோம். ஒருவருக்கு பஸ் பலகைகளில் தமிழ். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று. பலகையில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது, பிழையோ சரியோ, அப்படியே எடுப்பது. பிழையைப் பகிடி பண்ணிப் போடுவது சுகம். எந்த இலக்கம், எந்த இடம், எந்தத் திகதி என்று சேர்த்துப் பதிந்தால் அதைக் கொண்டு திருத்தச் சொல்லியும் கேட்கலாம்.

இன்னொருவருக்கு ஸ்ரீ. இப்போதைய இலக்கத்தகடுகளில் ஆங்கில எழுத்து. ஆனால் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களில் இன்றைக்கும் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் காணலாம். அந்த ஓர் எழுத்து பஸ்ஸோடு சேர்ந்து பெரிய கதையானது.

1958 ஜனவரி 1இல் தனியார் பஸ் கம்பனிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையைத் தொடங்கியது. முதலாளிமார் ஒருவரையொருவர் முந்தி ஓடிய காலம் முடிந்து, ஆட்கள் குறைந்த கிராமத்துக்கும் பஸ் வந்தது. அதே வருடம் மார்ச்சில், சிங்கள ஸ்ரீ எழுதிய இலக்கத்தகட்டோடு புது பஸ்கள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டன. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடங்கியது; சிங்கள எழுத்தை அழித்து அதில் தமிழ் எழுத்தை எழுதினார்கள். தெற்கிலே பதிலுக்குத் தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரல் 9 அன்று பண்டாரநாயக்க தானும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். மே மாதத்தில் கலவரம். பொலன்னறுவை ஸ்டேஷனில் மட்டக்களப்பிலிருந்து வந்த ரயிலுக்குள் தமிழ்ப் பயணிகளைத் தேடினார்கள்.

ஏழைக்கும் பஸ் கிடைத்த வருடமும், பஸ்ஸில் போகப் பயந்த வருடமும் ஒன்றுதான். இ.போ.ச. சிவப்பு பஸ்ஸை நாங்கள் ஆசையாகப் படமெடுப்போம். அதன் குறிப்பில் இந்த இரண்டும் வரவேணும் என்று கேட்டிருக்கிறோம்.

மருதானையிலிருந்து பொரளைக்கு

155ஐ விட்டு மருதானையில் இறங்குகிறோம். 1908இல் கட்டிய ஸ்டேஷன் முகப்பு அங்கே. ஆனால் நாங்கள் அங்கே தேடுவது இப்போது இல்லாத ஒன்றை: ட்ராம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் கொழும்பில் மின்சார ட்ராம் வந்தது. இரண்டு பாதை. ஒன்று கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸ், மற்றது கோட்டையிலிருந்து மருதானை வழியாக பொரளை. ஒரு பிரிட்டிஷ் கம்பனி நடத்தியது. 1929இல் ட்ராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைமை ஏ.ஈ. குணசிங்க. கடைசியில் மருதானைப் பொலிஸ் நிலையத்தைச் சூழ்ந்த கூட்டத்தின்மீது பொலிஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். இன்று புறக்கோட்டையில் பஸ் ஏறுகிற குணசிங்கபுர அவருடைய பெயரில் உள்ள இடம். இன, மத பேதமில்லாமல் தொழிலாளரைத் திரட்டிய அதே குணசிங்க, 1930களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராக இயக்கம் நடத்தினார் என்பதையும் சேர்த்து எழுதவேணும்.

1944இல் மாநகரசபை ட்ராமை எடுத்தது. 1953இல் ட்ரொலி பஸ் வந்தது. 1960இல் ட்ராம் நின்றது, 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நின்றது. தண்டவாளம் போய்விட்டது, ஆனால் ஆட்களின் போக்குவரத்து அதே கோட்டில்தான். மருதானையிலிருந்து பொரளைக்கு 103இல் போகிறபோது அந்தப் பழைய ட்ராம் பாதையில்தான் போகிறோம். ட்ராமின் கதையை எடுத்துக்கொண்டு போனால் அது முடிகிற இடம் பொரளை. அதனால்தான் பொரளை எங்கள் திட்டத்துக்குள் வந்தது.

வந்த பிறகு பிரச்சினை.

1983 ஜூலை 23 இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். 24ஆம் திகதி அவர்களுடைய உடல்களை பொரளைக் கனத்தை மயானத்தில் அடக்கம் செய்வதாக இருந்தது. கூட்டம் திரண்டது, உடல்கள் வரச் சுணங்கியது, கலவரம் அங்கேயிருந்து தொடங்கி நகரமெல்லாம் பரவியது. வாகனங்களை மறித்தார்கள், பஸ்ஸுக்குள் ஏறினார்கள். தமிழரா என்று பார்க்க 'பால்திய' என்று சொல்லச் சொன்னார்கள். சிங்களத்தில் வாளி என்று அர்த்தம். வீடு எரிந்தவர்கள் முகாம்களில் கிடந்து, கப்பல் ஏறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள்.

அந்த நாட்களில் பொரளை பஸ் நிலையத்தில் எடுத்த ஒரு படம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒவ்வொரு ஜூலையிலும் எல்லோரும் பகிர்வது. உடுப்பில்லாமல் குந்தியிருக்கிற ஒரு தமிழர், முன்னால் சிரித்து ஆடுகிற இளைஞர்கள். எடுத்தவர் சந்திரகுப்த அமரசிங்க. கம்யூனிஸ்ட் கட்சியின் 'அத்த' பத்திரிகைக்குப் படமெடுத்தவர், சிங்களவர். அந்தப் படம் இல்லாவிட்டால், அப்படி ஒன்று நடந்தது என்று நாங்கள் வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.

கூட்டத்தில் சண்டை இதில்தான். ஒரு பக்கம் சொன்னது: கொழும்பில் எடுக்கப்பட்ட படங்களில் இதைவிடப் பெரிய சாட்சி வேறெது? படமெடுக்கப் போகிற நாங்கள் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போனால் எங்களுக்கு வெட்கமில்லையா? அதே இடத்தில் நின்று இன்றைய பஸ் நிலையத்தை எடுத்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம்.

மற்றப் பக்கம் சொன்னது: அந்தப் படத்தில் இருக்கிறவரை யாராவது கேட்டார்களா? தன்னுடைய வாழ்க்கையின் கடைசி நேரத்தை நாற்பது வருடமாக நாங்கள் பகிர்ந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியுமா? புறக்கோட்டையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது என்று விதி எழுதிவிட்டு, இவருடைய படத்தை மட்டும் எப்படித் திரும்பப் போடுவது?

இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. இரண்டாவது கூட்டத்தில், எங்களில் ஒருத்தியின் அம்மம்மா கதையைச் சொன்னாள். 83இல் அம்மம்மா வேலைக்குப் போன பஸ்ஸில், முன்னுக்குக் கூட்டத்தைக் கண்டவுடன் கொண்டக்டர் வந்து அவருடைய பொட்டை அழிக்கச் சொல்லிவிட்டு, ஒரு சிங்கள அம்மாவுக்குப் பக்கத்தில் இருத்தி, குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாராம். கூட்டம் உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அந்தக் கொண்டக்டரின் பெயர் அம்மம்மாவுக்குத் தெரியாது. படமும் இல்லை. "அந்தப் பெரிய படத்தைப் பற்றி எல்லாரும் கதைக்கிறீங்கள்," என்று அவள் சொன்னாள். "அம்மம்மாட கதையை எங்க போடுறது?"

அவள் கேட்டதற்குப் பிறகு கதை வேறு பக்கம் போனது. எங்களுடைய வேலை பொரளையில் இன்னொரு படம் எடுப்பதாக இருக்கத் தேவையில்லை. அந்தப் படத்துக்குள் வராத பஸ் கதைகள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன, சொல்லக்கூடியவர்கள் எண்பது வயதைத் தொடுகிறார்கள். அவற்றை எழுதியெடுக்க ஒருவரும் வரவில்லை.

முடிவு இது. பொரளையில் இறங்குவோம். கமராவும் ஃபோனும் பைக்குள் இருக்கும். பஸ் நிலையத்தில் பத்து நிமிடம் நிற்போம், பிறகு 154 ஏறுவோம். அந்தப் பழைய படத்தை நாங்கள் திரும்பப் போடுவதில்லை. அது எந்த இடம், யார் எடுத்தது என்று மட்டும் குறிப்பில் எழுதுவோம். இந்த முடிவில் எல்லோருக்கும் திருப்தி என்று சொல்லமாட்டோம். இரண்டு பேர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களும் வருகிறார்கள்.

வருகிறவர்களுக்கு

மற்றக் குழுக்களும் தங்கள் ஊரில் இப்படிச் செய்யலாம் என்பதற்காக, நாங்கள் எழுதி வைத்ததைச் சுருக்கமாகத் தருகிறோம்.

இரண்டு இரண்டு பேராக நடப்பது. ஒருவர் எடுக்க, மற்றவர் கொப்பியில் இடம், நேரம், எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, பஸ் இலக்கம், ஆளிடம் கேட்டதா என்று எழுதுவது. பதினாலு பேரும் ஒரே பஸ்ஸில் இடிபடாமல் இரண்டாகப் பிரிந்து அடுத்தடுத்த பஸ்ஸில் வருவது. எங்கே சந்திப்பது என்று முதலே பேசி வைப்பது. எங்களில் ஒருவர் ஊன்றுகோலோடு நடக்கிறவர். பஸ் முழுதாக நிற்காமல் உருளும், படியும் உயரம். ஆகவே முதலில் ஒருவர் ஏறி கொண்டக்டரிடம் சொல்லி, பஸ் நின்ற பிறகுதான் மற்றவர்கள். சில்லறை கொண்டுவரவேணும். பெண்பிள்ளைகள் கூட வருவதால், சனநெரிசல் பஸ் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் ஏறுவது. நேரம் போனால் போகட்டும். பொலிஸ், இராணுவக் கட்டடங்களை எடுப்பதில்லை. ஸ்டேஷனுக்குள் பெரிய கமரா எடுக்க முதல் நிலைய அதிபரிடம் கேட்பது. வீட்டுக்குப் போனதும் அன்றிரவே படங்களை இரண்டு இடத்தில் சேமிப்பது. நாளைக்கு என்றால் நடக்காது.

கடைசியாக ஒன்று, இது வரமுடியாதவர்களுக்கும். இந்தக் கிழமை வீட்டிலிருக்கிற அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கோ: நீங்கள் கொழும்பில் முதல் ஏறிய பஸ் எது, எங்கே இறங்கினீர்கள், ஏறப் பயந்த நாள் ஏதும் உண்டா? சொல்வதை அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதி, பழைய சீசன் ரிக்கெற் ஏதும் இருந்தால் அதையும் படமெடுத்து வையுங்கோ. நாங்களும் வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து அந்த அம்மம்மா வீட்டுக்குத்தான் போகிறோம். தேத்தண்ணி தருவதாகச் சொல்லியிருக்கிறா. கமராவை அங்கே வெளியில் எடுக்கலாமாம், ஆனால் முதலில் சீலை மாத்தவேணுமாம்.